ஞாயிறு இணைப்புல வந்த சுஷி கட்டுரை பத்தி டோக்கியோலேருந்து ஒரு வாசகர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் டோக்கியோல எடோகாவா வார்டுல நிஷிகசாய் பக்கம் குடியிருக்கேன். ஐடி வேலைக்கு வந்த நம்மாளுங்க நிறைய பேர் செட்டிலான ஏரியா இது. உங்க பேப்பரை போன்லதான் படிக்கிறது. ஞாயிறு இணைப்புல டோக்கியோ சுஷி (வினிகர் கலந்த சோத்தோட மீன் வச்சுத் தர்ற ஜப்பான் சாப்பாடு) பத்தி வந்த கட்டுரை எங்க வாட்ஸ்அப் குரூப்ல இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, படமும் ஜோரு. ஆனா அதைப் படிச்சுட்டு இங்க டூர் வர்றவங்க ரெண்டே ரெண்டு வழிதான்னு முடிவு பண்ணிடுவாங்க. ஒண்ணு, காஸ்ட்லி ஏரியாவான கின்ஸால தலைக்கு 30,000 யென்னுக்கு மேல எண்ணி வச்சு சாப்பிடணும், இல்லேன்னா பெல்ட்ல தட்டு வர்ற கடைக்குப் போயிட்டு வந்துடணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல, தெருவுக்குத் தெரு இருக்கற சாதா சுஷி கடைங்களைப் பத்தி கட்டுரைல ஒரு வரி கூட இல்லை. இந்த ஊருக்காரங்க தலைமுறை தலைமுறையா சாப்பிட்டுக்கிட்டு இருக்கறது அங்கதான்.

முதல்ல கின்ஸா விஷயம். 2014 ஏப்ரல்ல ஒபாமாவும் அப்ப ஜப்பான் பிரதமரா இருந்த ஷின்சோ அபேவும் சாப்பிட்ட சுகியபாஷி ஜிரோங்கற கடையைப் பத்தி பக்கம் பக்கமா எழுதியிருந்தீங்க, அந்தக் கடையோட செஃப் பெரியவர் ஜிரோ ஓனோவுக்கு 2025ல நூறு வயசு ஆனதையும் சேர்த்து. எல்லாம் சரிதான். ஆனா அந்தக் கடைல சாமானியன் போன் பண்ணி இடம் பிடிக்க முடியாதுங்கற காரணத்துக்காகவே ஹோட்டல்களுக்கு ஸ்டார் குடுக்கற மிஷெலின்காரங்க 2019ல அதைத் தங்க லிஸ்ட்லேருந்து எடுத்துட்டாங்க, அதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மாதிரி கவுண்டர்ல உங்களுக்கு மெனுன்னு எதுவும் கிடையாது, ஒமகாசேன்னு எல்லாத்தையும் செஃப் கைல விட்டுடணும், அவர் வைக்க வைக்க சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும், பல இடத்துல சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது, புக் பண்ணிட்டு போகலேன்னா முழுக் காசையும் கார்டுலேருந்து எடுத்துடுவாங்க. வசதி இருக்கறவங்க தாராளமா போகட்டும், நான் குறை சொல்லலை, அந்த வேலைப்பாட்டுக்கு அந்த விலை தகும். ஆனா அதைச் சாப்பிடலேன்னா டோக்கியோ வந்ததே வேஸ்ட்டுன்னு கட்டுரைல ஒரு தொனி இருந்துச்சு பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கலை.

ஏன்னா நிகிரி சுஷி, அதாவது கையால பிடிச்ச சோத்து மேல மீன் வச்சது, பொறந்ததே தெருவோரத்துலதான் சார். 1820கள்ல, டோக்கியோவுக்கு எடோன்னு பேர் இருந்த காலத்துல, ரியோகோகு பக்கம் ஹனாயா யோஹெய்னு ஒருத்தர் இதைப் பிரபலமாக்கினார்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் மீனையும் சோத்தையும் சேர்த்து மாசக்கணக்குல ஊறப் போட்டு புளிக்க வச்சு சாப்பிட்டதுதான், பிவா ஏரிப் பக்கம் ஃபுனாஸுஷின்னு இன்னிக்கும் அது கிடைக்குது, வாசனை தாங்கறவங்க முயற்சி பண்ணலாம். எடோ ஜனங்களுக்கு அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லை, சுடுசோத்துல வினிகரைக் கலந்து, பக்கத்துக் கடல்ல பிடிச்ச மீனை மேல வச்சு அமுக்கி, தள்ளுவண்டில நின்னுக்கிட்டே ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வேலைக்குப் போனாங்க. அப்ப ஒரு துண்டு இப்ப இருக்கறதைவிட ரெண்டு மூணு மடங்கு பெருசு. இன்னிக்கு தங்க விலை விக்கற தோரோ இருக்கே, டியூனாவோட, அதாவது நம்ம சூரை வகை மீனோட, கொழுப்பு வயித்துப் பகுதி, அதை அப்ப மதிக்கவே மாட்டாங்க, சீக்கிரம் கெட்டுப்போகும்னு ஒதுக்கிடுவாங்களாம். இப்ப என்னடான்னா 2019 புதுவருஷ ஏலத்துல 278 கிலோ டியூனா ஒண்ணை சுஷிஸன்மாய்ங்கற சுஷி செயினோட ஓனர் 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு எடுத்தார். விளம்பரத்துக்குத்தான், அந்த மீனை வித்து அந்தக் காசை எடுக்க முடியாதுன்னு அவருக்கும் தெரியும்.

பெல்ட் கடை பத்தி கொஞ்சம் திருத்தம் சொல்லணும். 1958ல ஒசாகா பக்கத்துல ஷிராய்ஷிங்கறவர் பீர் ஃபேக்டரில பாட்டில் நகர்றதைப் பாத்துட்டு இந்த ஐடியாவைக் கொண்டு வந்தார், 1970 ஒசாகா எக்ஸ்போவுல ஜனங்க பாத்து பைத்தியமாயிட்டாங்க, இதெல்லாம் நீங்க எழுதினது கரெக்ட். ஆனா படத்துல காட்டின மாதிரி தட்டு சும்மா சுத்திக்கிட்டே இருக்கறது இப்ப ரொம்பக் குறைஞ்சு போச்சு. 2023 ஆரம்பத்துல சுஷிரோங்கற பெல்ட் கடைல ஒரு பையன் சோயா சாஸ் பாட்டிலை நக்கி வீடியோ போட்டு, நாடே கொதிச்சு, அந்தக் கம்பெனி கோர்ட்டு வரைக்கும் போய், அதுக்கப்புறம் பெரிய செயின்ல நிறைய பேர் டச் பேனல்ல ஆர்டர் பண்ணினா நேரா நம்ம டேபிளுக்கு வந்து நிக்கற லைனுக்கு மாறிட்டாங்க. சுஷிரோ, குரா, ஹமா எல்லாம் தட்டு 100 யென் சொச்சத்துல ஆரம்பிக்கும், நகரத்துக்கு நடுவுல இருக்கற கிளைல கொஞ்சம் ஜாஸ்தி. சோத்தை உருண்டை பிடிக்கறது மெஷின். ராமென், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், மயோனைஸ் போட்ட கார்ன், ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு, குரால அஞ்சு தட்டை ஓட்டைல தள்ளினா ஒரு கேம் ஓடும், அதுல ஜெயிச்சா பொம்மை விழும், அதுக்காகவே எங்க வீட்டு வாண்டு வயிறு ரொம்பினப்புறமும் அப்பாவைச் சாப்பிடச் சொல்லி உயிரை எடுப்பான். நாங்களும் போறதுதான், குறை ஒண்ணும் இல்லை, ஆனா அது குடும்பத்தோட பொழுதுபோக்கற இடம். சுஷியோட வேலைப்பாடு என்னன்னு அங்க உக்காந்து தெரிஞ்சுக்க முடியாது.

இப்ப நான் சொல்ல வந்த கடைங்க. ஸ்டேஷன்லேருந்து வீட்டுக்கு நடக்கற வழில, வாசல்ல துணித் திரை தொங்கும், உள்ள எட்டு பத்து பேர் உக்கார்ற கவுண்டர், ஓரமா ரெண்டு டேபிள், மூலைல டிவில பேஸ்பால் ஓடிக்கிட்டிருக்கும், கவுண்டருக்குப் பின்னாடி எழுவது வயசு தாண்டின ஒருத்தர், அவரை எல்லாரும் தைஷோன்னுதான் கூப்பிடுவாங்க, டீ ஊத்தறது பில்லு போடறது எல்லாம் அவர் சம்சாரம். வெளில விலைப் பட்டியல் சரியா இருக்காது, சில ஐட்டத்துக்கு அன்னிக்கு மார்க்கெட் விலைன்னு மட்டும் எழுதியிருக்கும், அதைப் பாத்துட்டே நம்மாளுங்க பயந்து திரும்பிடுவாங்க. பயமே வேண்டாம், மத்தியானம் போங்க. லஞ்ச் செட் எல்லாத்துக்கும் விலை எழுதியே இருக்கும், நாமி, ஜோ, தோகுஜோன்னு மூணு தரம், நாமி 1,200 யென் சொச்சம், ஜோ 2,000 கிட்ட, கூட மிசோங்கற புளிச்ச சோயா விழுதுல பண்ணின சூப். ஒரு யென் நம்ம காசுக்கு 60 பைசான்னு வச்சுக்கங்க, சென்னைல ஒரு மால்ல குடும்பமா சாப்பிட்டா ஆகற செலவைவிட இது ஒண்ணும் பெருசில்ல.

தூத்துக்குடிலேருந்து மாமனார் வந்திருந்தப்ப ஒரு மத்தியானம் எங்க தெருமுனைக் கடைக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். மனுஷன் மீன்ல ஊறினவர், ஆனா பச்சை மீன்னதும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, "மாப்ள, சூரையை நம்மூர்ல குழம்புல பாத்திருக்கேன், கருவாடாப் பாத்திருக்கேன், இப்படி செக்கச்செவேல்னு பாத்ததில்ல, நீங்க சாப்பிடுங்க, நான் டீ குடிக்கேன்"னுட்டார். தைஷோவுக்கு என்ன புரிஞ்சுதோ, செட்டை அப்படியே ஓரமா வச்சுட்டு முதல்ல அனாகோ வச்சார், கடல் விலாங்கை வேகவச்சு மேல கெட்டியா ஒரு இனிப்புச் சாறு தடவினது, வாயில போட்டா கரையும். அப்புறம் அவிச்ச எறால். மாமா ரெண்டையும் முடிச்சுட்டு அந்தாளு கையையே பாத்துக்கிட்டு இருந்தார். கொஹாடான்னு ஒரு சின்ன வெள்ளி மீன், அதைப் பொளந்து உப்பு போட்டு, கழுவி, வினிகர்ல ஊற வச்சிருப்பாங்க, தோல்ல கத்தியால மூணு கீறு கீறி, மரத்தொட்டிலேருந்து சோறை அள்ளி, கூடுதலா வந்த நாலு பருக்கையைத் திரும்ப தொட்டிலயே விட்டுட்டு, வசாபிங்கற காரமான பச்சை விழுதை ஒரு விரல் தொட்டுத் தடவி, மூணு அமுக்கு, ஒரு திருப்பு, கொண்டாந்து மரப் பலகைல வச்சார். "உப்பும் புளிப்பும் சரியா நிக்கு மாப்ள, இன்னொண்ணு கேளுங்க"ன்னார். அந்த சிவப்பு டியூனாவை கடைசி வரைக்கும் தொடலை, அது என் பங்குக்கு வந்துச்சு.

அந்த செட்ல கிட்டத்தட்ட பத்து துண்டு இருக்கும், ஏன் பத்துங்கறதுக்கு ஒரு கதை இருக்கு, உங்க கட்டுரையாளர் விட்டுட்டார். போர் முடிஞ்சு சோத்துப் பஞ்சம் வந்தப்ப, 1947ல அரசாங்கம் ஹோட்டல் தொழிலையே நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. டோக்கியோ சுஷிக்காரங்க சங்கம் என்ன பண்ணுச்சுன்னா, நாங்க சாப்பாடு விக்கலை, ஜனங்க கொண்டு வர்ற அரிசியை வாங்கிக்கிட்டு சுஷியாப் பண்ணிக் குடுக்கறோம், கூலி மட்டும்தான் வாங்கறோம்னு பேசி அனுமதி வாங்கிடுச்சு. ஒரு கோ அரிசி, அதாவது 150 கிராம் சொச்சம், அதுக்கு பத்து துண்டு. அந்தக் கணக்கு அப்படியே ஒரு ஆள் அளவுன்னு நின்னு போச்சு. மத்த ஊர்க்காரங்களும் இதே வழிய பிடிச்சுக்கிட்டதால டோக்கியோ ஸ்டைல் நாடு முழுக்க பரவிடுச்சு, அதுக்கு முன்னாடியே 1923 பூகம்பத்துல கடை போன சமையல்காரங்க சொந்த ஊருக்குத் திரும்பி அங்கங்க கடை போட்டதும் இன்னொரு காரணம்.

அடுத்து, "கடல்லேருந்து நேரா தட்டுக்கு"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தீங்க. கேக்க நல்லாருக்கு, ஆனா நிஜம் அப்படி இல்லை. டியூனால பெரும்பகுதி மைனஸ் 60 டிகிரில உறைய வச்சு வர்றது, ஃப்ரெஷ்ஷா வந்தாலும் நல்ல கடைக்காரங்க அதை சில நாள் வச்சிருந்து, சுவை ஏறினப்புறம்தான் வெட்டுவாங்க. பழைய முறைல டியூனாவை சோயா சாஸ்ல ஊற வைக்கிறது, கொஹாடாவை உப்பு வினிகர்ல போடறது, அனாகோவை வேகவைக்கிறது, எல்லாம் ஐஸ் இல்லாத காலத்துல வந்த வித்தை. அதனால சுஷின்னாலே பச்சை மீன்தான்னு எழுதறதும் பாதிதான் சரி. இன்னொண்ணு, வசாபியும் வினிகரும் கிருமியையெல்லாம் கொன்னுடும்னு ஒரு வரி வந்திருந்துச்சு, தயவுசெஞ்சு அதை யாரும் நம்பி வீட்ல மீன் வாங்கி ட்ரை பண்ணிடாதீங்க. அனிசாகிஸ்னு ஒரு புழு இருக்கு, அது வினிகருக்கும் சாகாது உப்புக்கும் சாகாது வசாபிக்கும் சாகாது, மைனஸ் 20 டிகிரில 24 மணி நேரம் உறைய வைக்கணும், இல்லேன்னா நல்லா வேகவைக்கணும். இங்க கடைக்காரங்க கண்ணால பாத்துப் பாத்து எடுப்பாங்க, அப்படியும் வருஷா வருஷம் சிலருக்கு வயித்து வலி வந்து ஆஸ்பத்திரி போறது உண்டு. கர்ப்பமா இருக்கறவங்க டியூனா அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கணும், பாதரசம் இருக்கும்.

சால்மன் பத்தியும் ஒரு வார்த்தை. அட்டைப்படத்துல பாரம்பரிய சுஷின்னு ஆரஞ்சு கலர் சால்மனைப் போட்டிருந்தீங்க. ஜப்பான்காரங்க சால்மனை சுட்டும் உப்பு போட்டும்தான் சாப்பிட்டாங்க, பச்சையா சுஷில வந்தது 1980கள்ல நார்வேக்காரங்க பண்ணை மீனை இங்க கொண்டாந்து வித்தப்புறம்தான். இப்ப பெல்ட் கடைல பசங்களுக்கு அதுதான் ஃபேவரிட். எங்க தெருமுனைக் கடைல கேட்டா இல்லைன்னு தலையாட்டிடுவார், கேக்கறதுல தப்பில்ல, கோச்சுக்க மாட்டார்.

உள்ள போனா எப்படி நடந்துக்கணும்னு நிறைய பேர் பயப்படறாங்க. எத்தனை பேர்னு விரல் காட்டுங்க, உக்காரச் சொன்ன இடத்துல உக்காருங்க. கையால சாப்பிடலாம், நமக்கு அது இன்னும் வசதி. சோயா சாஸ்ல சோத்தைத் தோய்ச்சா உதிர்ந்து கிண்ணத்துல மிதக்கும், கவுத்து மீன் பக்கமா லேசா தொடுங்க. இஞ்சி ஊறுகாய் ஒரு மீனுக்கும் இன்னொரு மீனுக்கும் நடுவுல சாப்பிட, மேல வச்சு சாப்பிட இல்லை. வசாபி வேண்டாம்னா சாபி நுகின்னு சொன்னா போதும். சென்ட் அடிச்சுக்கிட்டு போகாதீங்க, கவுண்டர் ரொம்பச் சின்னது, பக்கத்துல உக்கார்றவருக்கு மீன் வாசனையே தெரியாமப் போயிடும். டிப்ஸ் வைக்காதீங்க, ஓடி வந்து திருப்பிக் குடுப்பாங்க. பல கடைல கார்டு வாங்க மாட்டாங்க, கைல காசு வச்சுக்கங்க. லஞ்ச் 2 மணிக்கு மேல கிடைக்காது. சாப்பிட்டு முடிச்சுட்டு அரட்டை அடிக்கிற இடமும் இல்லை, நாலு பேர் வாசல்ல காத்திருப்பாங்க. சுகிஜி மீன் மார்க்கெட் டொயோசுக்கு மாறினது 2018 அக்டோபர்ல, வெளி மார்க்கெட் மட்டும் இன்னும் பழைய இடத்துலயே இருக்கு, ரெண்டு இடமுமே பாக்க வேண்டியதுதான், ஆனா சாப்பாட்டுக்கு அங்க வெளியூர்க்காரங்க ரேட்டு. டொயோசு பக்கத்துல 2024 பிப்ரவரில திறந்த காம்ப்ளெக்ஸ்ல ஒரு கிண்ணம் கடல் மீன் சோறு 7,000 யென்னுக்கு வித்ததைப் பாத்து ஜப்பான்காரங்களே கிண்டல் அடிச்சாங்க.

இப்ப சைவக்காரங்களுக்குன்னு நீங்க போட்ட பெட்டிச் செய்தி. "இனாரி, முட்டை சுஷி, கன்ப்யோ ரோல், மிசோ சூப் எல்லாம் மீன் கலக்காதது"ன்னு இருக்கு. இது தப்பு. இங்க சமையலுக்கு அடிப்படையே தாஷிங்கற சாறு, அது பெரும்பாலும் கட்சுவோபுஷிலேருந்து எடுக்கறது. மீனை அவிச்சு, புகை போட்டு, கட்டை மாதிரி காயவச்சது அது, தூத்துக்குடிக்காரங்களுக்கும் இலங்கைக்காரங்களுக்கும் மாசின்னு சொன்னா உடனே புரியும், கிட்டத்தட்ட அதே சாமான்தான். இனாரின்னா டோஃபு பைக்குள்ள சோறு அடைச்சது, அந்தப் பையை அந்தச் சாறுல கொதிக்க வச்சிருப்பாங்க. முட்டைல அதே சாறு, பழைய முறைக் கடைன்னா எறாலையோ வெள்ளை மீனையோ அரைச்சும் கலப்பாங்க. கன்ப்யோ சுரைக்காய் வத்தல்தான், ஆனா அதை வேகவைக்கறதும் பல கடைல தாஷிலதான். மிசோ சூப்ல சந்தேகமே வேண்டாம். சில இடத்துல சோயா சாஸ்லயே கலந்திருப்பாங்க. கண்ணுக்கு ஒரு துண்டு மீன் தெரியாது, அதனால நம்ம வீட்டுப் பெரியவங்க சைவம்னு நம்பி சாப்பிட்டுடறாங்க, அப்புறம் தெரிஞ்சு மனசு கஷ்டப்படறாங்க, எங்க ஏரியாவுல இது அடிக்கடி நடக்கறது.

வெள்ளரிக்கா ரோல், அதுக்கு கப்பாமாகின்னு பேரு, அது ஓரளவு சேஃப். உமேபோஷிங்கற புளிப்பு ப்ளம் ஊறுகாயும் ஷிசோங்கற வாசனை இலையும் வச்ச ரோலும் பரவால்ல, அதுலயும் சில ஊறுகாய்ல மீன் தூள் இருக்கும்னு கேட்டுக்கணும். நாட்டோ, அதாவது புளிக்க வச்ச சோயா, வச்ச ரோல் வாங்கினா கூட வர்ற சாஸ் பாக்கெட்டை விட்டுடுங்க. மீன், மாசி மாதிரி தூள், அதோட சாறு எதுவும் கூடாதுன்னு ஜப்பானிய மொழில ஒரு அட்டைல எழுதி வச்சுக்கிட்டு உள்ள நுழையறப்பவே காட்டினா முடியும் முடியாதுன்னு நேரா சொல்லிடுவாங்க. முடியாதுன்னா வருத்தப்படாம வெளில வந்துடுங்க, அவங்க மரியாதைக்கு அது ஒரு குறைச்சல் இல்லை. சுத்த சைவம் பாக்கறவங்க குடும்பத்துல எல்லாரும் சாப்பிடற நேரத்துல தனியா உக்காந்து டீ குடிக்க வேண்டாம், நிஷிகசாய் பக்கம் வந்தா இட்லி தோசையே கிடைக்கும்.

இன்னொரு வேண்டுகோள். இந்தத் தெருமுனைக் கடைங்க ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வருது. வாரிசு இல்லை, பையன் கம்பெனி வேலைக்குப் போயிட்டான், சோறு பிடிக்கவே வருஷக்கணக்குல கத்துக்கணும்னா இந்தக் காலத்துப் பசங்க யாரு வருவா. போதாக்குறைக்கு 2024லேருந்து அரிசி விலை எகிறிப் போச்சு, 2025ல 5 கிலோ மூட்டை 4,000 யென்னைத் தாண்டுச்சு, பெரிய செயின்காரன் மொத்தமா வாங்கி சமாளிச்சுடுவான், இவங்க லஞ்ச் செட்ல 100 யென் ஏத்தறதுக்கே வாசல்ல மன்னிப்புக் கடிதம் ஒட்டறாங்க. முன்னெல்லாம் சாவு வீடு, விசேஷ வீடுன்னா இந்தக் கடைலேருந்துதான் அரக்குப் பூசின வட்டப் பாத்திரத்துல சுஷி வரும், சாப்பிட்டுட்டு கழுவி வாசல்ல வச்சா மறுநாள் சைக்கிள்ல வந்து எடுத்துக்கிட்டுப் போவார். இப்ப அந்த ஆர்டரும் போன் ஆப்புக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும் போயிடுச்சு. அதனால அடுத்த தடவை டோக்கியோ பத்தி எழுத யாரையாவது அனுப்பினீங்கன்னா கின்ஸாவை விட்டுட்டு, ஏதாவது ஒரு லோக்கல் ஸ்டேஷன்ல இறங்கி மத்தியானம் பதினொன்றரைக்கு நடக்கச் சொல்லுங்க.

அந்தப் பெட்டிச் செய்திக்கு மட்டும் தாமதிக்காம ஒரு திருத்தம் போட்டுடுங்க ஐயா. மார்ச் கடைசில சகுரா பூக்க ஆரம்பிச்சா சென்னைலேருந்து குரூப் குரூப்பா வருவாங்க, உங்க இணைப்பைக் கத்தரிச்சு கைல வச்சுக்கிட்டு வர்றவங்களை நானே பாத்திருக்கேன், அதுக்கு முன்னாடி வந்துட்டா நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
நிஷிகசாய், டோக்கியோ